குளிர் தெரியாத காலுக்கு ஒரு சோடி பூட்ஸ்: பான்குரொஃப்ட் முயல் வேட்டைப் பயணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முயல் வேட்டைக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. முயல் கறி பிடிக்கும். அதற்காக மைனஸ் இருபத்தைந்தில், முழங்கால் மட்டும் ஸ்னோவுக்குள் புதைந்து புதைந்து நடக்க எனக்கென்ன விசரா? போனதற்கு ஒரே காரணம் என் மனுசன். போன தை மாதம், பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை போனோம். வேட்டையின் முதல் நாள் அங்கிருந்து ஒரு படத்தை இந்தப் பக்கத்தில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, என்ன பூட்ஸ், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதியவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. பதில் எழுதப் பத்து மாதம் பிந்திவிட்டது. ஏன் என்று வாசித்து முடிக்க விளங்கும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு: நான் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், லீவு கிடைத்தால் எங்காவது போய்வந்து எழுதுகிறேன். என் மனுசன் சிவநேசன், ஐம்பத்து நாலு வயது, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் "ஓம் ஓம், சரி" என்பதைத் தவிர வேறு பதில் இவரிடமிருந்து நான் கேட்டதில்லை. சாப்பாட்டுக்கு உப்புப் போதுமோ? ஓம் ஓம், சரி. வீட்டுக் கூரை பறந்துபோச்சு. ஓம் ஓம், சரி.

இவரோடு பதினொரு வருசம் பக்கத்து மெஷினில் நின்றவர் வெய்ன் என்ற வெள்ளைக்காரர். ஓய்வு எடுத்துக்கொண்டு பான்குரொஃப்ட் பக்கம் காட்டுக்குள் போய் இருக்கிறார். ஒவ்வொரு வின்ரரும் போன் எடுத்து, வா சிவா, முயலுக்குப் போவோம் என்பார். இந்த மனுசன் எனக்கு மூச்சுக் காட்டாமல் வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கு வைத்துச் சுட லைசன்ஸும் எடுத்து, எல்லாம் முடிந்தபிறகு பொங்கலன்று பொங்கின புக்கையைச் சாப்பிட்டுக்கொண்டு, "வெய்னிட்டை ஒருக்காப் போட்டு வரப்போறன்" என்கிறார். நான் ஏதோ ரீ குடிக்கப் போகிறாராக்கும் என்றல்லவோ நினைத்தேன்.

பிரச்சினை துவக்கு இல்லை, இவருடைய கால். பதின்மூன்று வருசமாக இவருக்குச் சலரோகம், அதுதான் சர்க்கரை வருத்தம். இடது காலில் விரல் பக்கம் உணர்வு பாதிக்கு மேல் போய்விட்டது. முந்தின வருசம் சப்பாத்துக்குள் ஒரு சின்ன ஆணி கிடந்திருக்கிறது, அதோடேயே எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றுகிறார், ஒரே இரத்தம். அப்போதே கால் டொக்டர் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். இந்தக் காலுக்குக் குளிர் பிடித்தால் கால் உங்களுக்குச் சொல்லாது, விரல் செத்தபிறகுதான் தெரியவரும் என்றார். ஆகவே எனக்கு இந்தப் பயணத்தில் முயலும் வேண்டாம், காட்சியும் வேண்டாம். கொண்டு போகிற பத்து விரலையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். நானும் வாறன், பூட்ஸ் நான்தான் எடுப்பன் என்று சொன்னேன். என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

முதல் கூத்து வீட்டிலேயே நடந்தது. தொழிற்சாலைக்குப் போடுகிற பூட்ஸைக் காட்டி, இது போதும்தானே, முன்னுக்கு இரும்பும் இருக்கு, கல்லுக் குத்தாது என்றார். விரலுக்கு முன்னால் இரும்பை வைத்துக்கொண்டு மைனஸ் இருபத்தைந்தில் போவது குளிர்ப்பெட்டிக்குள் காலை வைக்கிற மாதிரி. இரும்பு குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும். வேலைப் பூட்ஸோடு பனிக்குப் போக நினைக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கூத்து மோர்னிங்சைட்டில். அங்கே இருக்கிற இவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒரே ஒருதரம் போட்டுவிட்டு மூலையில் போட்ட விலை கூடிய பூட்ஸ் ஒரு சோடி இருக்கிறது, சும்மா தாறன் அண்ணை என்றாராம். போய்ப் பார்த்தால் சைஸ் எட்டு. இவருக்கு ஒன்பது. காலை உள்ளே தள்ளித் தள்ளி முகம் சிவந்துபோய், "ஓம் ஓம், சரியாத்தான் இருக்கு" என்கிறார். தம்பியும் பக்கத்தில் நின்று, போடப் போட இளகும் என்கிறார். எனக்கு வந்த கொதியில், பாதி குடித்த ரீயை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். இறுக்கமான பூட்ஸ் என்றால் இரத்தம் விரல் நுனிக்குப் போகாது, எவ்வளவு பஞ்சு வைத்திருந்தாலும் விறைக்கும். சும்மா கிடைக்கிறது என்பதற்காக அடுத்தவன் பூட்ஸுக்குள் காலை விடாதீர்கள்.

மூன்றாவதாக, வீட்டுக்குக் கிட்டவுள்ள மோலில் 89.99 டொலருக்கு ஒரு சோடி வாங்கினோம். பெட்டியில் கொட்டை எழுத்தில் மைனஸ் நாற்பது என்று போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் இருப்பது மல்வேர்னில் ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடி. அன்று வெளியே மைனஸ் பதினாலு. பூட்ஸைப் போடவைத்து, ஒரு கதிரையும் கொடுத்து, மனுசனை பல்கனியில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். முப்பத்தைந்து நிமிசம். பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்து, என்ன பிள்ளை, சண்டையோ என்று கேட்டுவிட்டார். உள்ளே எடுத்து விரலைத் தொட்டுப் பார்த்தால் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர். எப்படி இருந்தது என்று கேட்டால், தெரிந்த பதில்தான். அடுத்தநாள் திருப்பிக் கொடுத்தோம், பில் வைத்திருந்தபடியால் மறுபேச்சில்லாமல் காசைத் தந்தார்கள்.

கடைசியில், வேட்டைச் சாமான் மட்டும் விற்கிற கடை ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை காலை போனோம். நகரத்தின் வடமேற்கு மூலை, எங்கள் வீட்டில் இருந்து 41 கிலோமீற்றர், 401 நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலையிலும் 50 நிமிசம். அங்கே பூட்ஸ் பகுதியில் நின்ற பிள்ளை தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தவள், பெயர்ப்பட்டியில் அபி என்று இருந்தது. எங்களைப் பார்த்ததும் அன்ரி, அங்கிள் என்று வந்துவிட்டாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், மான் வேட்டைக்கும் போகிறவளாம். நான் மைனஸ் நாற்பது கதையைச் சொல்ல, சிரித்துப்போட்டு, "அன்ரி, அந்த நம்பருக்கு ஒரு ஸ்ராண்டர்ட் இல்லை. ஒவ்வொரு கொம்பனியும் தங்கடை பாட்டுக்குப் போடுறது. அதோடை, யூ ஹாவ் ரு பீ மூவிங், நடந்துகொண்டு இருக்கவேணும். கதிரையிலை இருக்கிற ஆளுக்கு அது வேர்க் பண்ணாது" என்றாள்.

அவள் சொல்லித்தந்ததை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். பூட்ஸில் 200, 400, 800, 1000 என்று கிராம் போட்டிருப்பார்கள். அது பூட்ஸின் நிறை இல்லை, உள்ளே வைத்திருக்கும் குளிர்காப்புப் பஞ்சு எவ்வளவு தடிப்பு என்ற கணக்கு. விடாமல் நடக்கிறவருக்கு 400 போதும். ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து மானுக்குக் காவல் இருக்கிறவருக்கு 1000க்கு மேலே வேண்டும். முயலுக்குப் போகிறவர் கொஞ்சம் நடப்பார், கொஞ்சம் நிற்பார், ஆகவே 800. கூடப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று நானும் கேட்டேன். கூடினால் நடக்கும்போது வேர்க்கும், வேர்த்த கால் நின்றவுடன் குளிரும். அந்தப் பக்கமெல்லாம் பாறை, மேலே பனி மூடியிருக்கும், எங்கே பள்ளம் என்று தெரியாது. அதனால் கணுக்காலுக்கு மேலே பத்து அங்குலமாவது ஏறி நிற்கிற, அடியில் ஆழமாக வெட்டின பல் உள்ள பூட்ஸ் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், உள்ளே இருக்கும் தடித்த கம்பளி லைனரைத் தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அதைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் காய விடவேண்டும் என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் சொன்னாள். நான் போனில் குறித்தும் வைத்தேன்.

அடுத்தது போட்டுப் பார்க்கிற படலம். முதல் சோடி சரியோ என்று கேட்டாள். ஓம் ஓம், சரி. பிறகு அபி வேண்டுமென்றே ஒரு சைஸ் சின்னதைக் கொடுத்தாள். ஓம் ஓம், சரி. பிறகு ஒரு சைஸ் பெரிது. அதுவும் சரி. எனக்கு அதற்குமேல் பொறுக்க ஏலாமல் போய்விட்டது. இது உங்கடை காலோ, இல்லாட்டிப் பக்கத்து வீட்டுக்காரன்ரை காலோ என்று நான் போட்ட சத்தத்தில், துவக்குப் பகுதியில் நின்ற வெள்ளைக்காரர் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அபிதான் மெல்லமாக, அங்கிளிட்டைக் கேட்கத் தேவையில்லை அன்ரி என்று சொல்லி, லைனரை வெளியே இழுத்து நிலத்தில் வைத்து, தடித்த சொக்ஸோடு இவரை அதன்மேல் ஏறி நிற்க வைத்தாள். பெருவிரலுக்கு முன்னால் என் கைப்பெருவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும், பக்கத்தில் விரல் வெளியே பிதுங்கக்கூடாது. ஒன்பதரை, அகலம் கூடினது, அப்படிப் பொருந்தியது. மனுசனை நம்பாதேங்கோ, லைனரை நம்புங்கோ என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விலை 219.99 டொலர், வரியோடு 248.59. கம்பளிச் சொக்ஸ் சோடி 24 டொலர், இவருக்கு மூன்று சோடி. பருத்திச் சொக்ஸ் வேண்டவே வேண்டாம், வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். எனக்கு என் பழைய ஸ்னோ பூட்ஸே போதும் என்று விட்டுவிட்டேன். பின்னேரம் பார்த்து வாங்கப் போங்கள், காலையில் இருப்பதைவிடக் கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். நாங்கள் காலையில்தான் போனோம், அதற்கும் அபியிடம் பேச்சு வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை 9.20க்கு மல்வேர்னில் இருந்து வெளிக்கிட்டோம். 401இல் கிழக்கே போய், 115இல் ஏறி, பீற்றர்பரோவில் ஒரு கோப்பி. இரண்டு கோப்பி, ஒரு மஃபின், 7.40 டொலர். அங்கிருந்து 28ஆம் நெடுஞ்சாலை. அப்ஸ்லி தாண்டினபிறகு போன் சிக்னல் வந்து வந்து போகும், வழியை முதலே போனில் இறக்கி வையுங்கள். ரோட்டு துப்புரவாக்கி இருந்தாலும் வளைவுகளில் காற்று ஸ்னோவைத் தூக்கி எறிந்துகொண்டே இருந்தது. இவர் ஐம்பதில் ஓட்டினால் பின்னால் வருகிற லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், எண்பதில் ஓட்டினால் நான் கத்துகிறேன். பெற்றோல் போக வர 62 டொலர். வெய்ன் வீடு பான்குரொஃப்ட் தாண்டி 19 கிலோமீற்றர். மொத்தம் 237 கிலோமீற்றர், நின்று நின்று போனதில் சரியாக நாலு மணித்தியாலம்.

வெய்ன் நல்ல மனுசன், கதை குறைவு. தன்னுடைய வீட்டில் இருந்து இருநூறு மீற்றர் தள்ளி ஒரு சின்ன மரக் கபினை எங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். ஒரே அறை. விறகடுப்பு, கட்டில், மேசை, மூலையில் கழிவறை, அவ்வளவுதான். காசு வாங்கமாட்டேன் என்றார். நான் கொண்டுபோன மற்றன் ரோல்ஸை மட்டும் நின்ற நிலையில் ஆறு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் நடை. காலை 8.30க்கு மைனஸ் பதினெட்டு. நானும் பின்னால் போனேன், இவருடைய காலைப் பார்க்கத்தானே வந்தது. அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் மறித்து, பூட்ஸைத் தளர்த்தி, உள்ளே கையை விட்டு விரலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெய்ன் துவக்கை இறக்கி வைத்துவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாறையும் விழுந்த மரமுமாக நாலு கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம். அந்தப் பூட்ஸை நான் எங்கும் புகழ்வேன், ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை. இவர் இரண்டு முயலைத் தவறவிட்டு மூன்றாவதைச் சுட்டார். பனியின் நிறத்திலேயே வெள்ளை முயல், எனக்கு அது விழுந்தபிறகுதான் தெரிந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பிள்ளைகள் பிறந்தபோதுதான் கடைசியாகப் பார்த்தது. அந்தப் படத்தைத்தான் உங்களுக்குப் போட்டேன்.

மத்தியானம் தாண்டிக் கபினுக்கு வந்தோம். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை, மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, முயல் குளிர்ப்பெட்டிக்குள் போய்விட்டது. நான் அந்த ஒற்றை அறைக்குள், கொண்டுபோன சாமிப் படத்துக்கு ஒரு சின்ன விளக்கும் ஏற்றி, பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன். இவர் பூட்ஸைப் பார்த்தால் ஒரே ஊத்தை, முன்னுக்கு முயல் இரத்தம். அதோடு உள்ளே வருகிறார். மல்வேர்னில் எங்கள் பன்னிரண்டாம் மாடியில் தமிழ் ஆட்களின் கதவு எது என்று யாரும் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை, வாசலுக்கு வெளியே சப்பாத்து வரிசையைப் பார்த்தால் போதும். சப்பாத்தை உள்ளே எடுங்கள் என்று கட்டடக்காரர் வருசத்துக்கு இரண்டு கடிதம் ஒட்டுவார்கள், நாங்கள் இரண்டு நாள் உள்ளே எடுத்துவிட்டுப் பிறகு வெளியே வைப்போம். பதினெட்டு வருசப் பழக்கம். விளக்கு எரிகிற அறைக்குள், சோறு வேகிற அடுப்புக்குப் பக்கத்தில், இரத்தம் பட்ட சப்பாத்தை வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கழற்றச் சொல்லி, தட்டி, துடைத்து, இரண்டையும் சோடியாகச் சேர்த்து வெளியே படிக்கட்டுக்கு மேலே வைத்தேன். ஸ்னோ உள்ளே விழாமல் இருக்க மேலே ஒரு பையாலும் மூடினேன். லைனரைக் கழற்றிக் காயப்போடு என்று அபி சொன்னது, நான் போனில் குறித்து வைத்தது, ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

சனிக்கிழமை காலை வெப்பமானி மைனஸ் இருபத்தேழு. என் முழங்கால் மடிக்க ஏலாமல் கிடந்தது. நேற்று முழுக்கப் பூட்ஸ் நல்லாத்தானே வேலை செய்தது என்ற துணிவில், நான் நிற்கிறேன், நீங்கள் போட்டு வாங்கோ என்றேன். வெய்ன் வந்து வாசலில் நின்றார். இவர் வெளியே போய்ப் பூட்ஸை எடுத்துவந்து கதிரையில் இருந்தார். நான் ரொட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி, கெதியாப் போடுங்கோ, அந்த மனுசன் குளிருக்குள் நிற்குது என்று விரட்டினேன். நான் திரும்பிய நேரம் இவருடைய கை இடது பூட்ஸுக்குள் முழங்கை மட்டும் போயிருந்தது. டொக்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம், சப்பாத்துப் போட முதல் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். "என்ன, சரியோ?" என்று கேட்டேன். "ஓம் ஓம், சரி" என்றார். 8.40க்குப் போனார்கள்.

11.30க்கு வருவதாகச் சொன்னவர்கள், 10.50க்கே ஸ்னோமொபில் சத்தம் கேட்டது. வெய்ன் ஓட்ட, பின்னால் இவர். பாறையில் இரண்டு தரம் தடக்கி விழுந்தாராம். இடது காலை மரக்கட்டை மாதிரி வைத்து நடக்கிறார் என்று கண்டு, வெய்ன் தான் போய் வண்டியை எடுத்துவந்து ஏற்றியிருக்கிறார். கட்டிலில் இருத்திப் பூட்ஸை இழுத்தேன். லைனரின் முன்பக்கம் கையில் கரகரத்தது. நேற்றைய வேர்வை இரவு முழுக்க உறைந்து ஐஸாகி, இரண்டு மணித்தியாலம் நடந்தும் விரல் பக்கம் உருகவில்லை. சொக்ஸைக் கழற்றினேன். சின்ன விரலும் பக்கத்து விரலும் மெழுகு மாதிரி வெள்ளை, தொட்டால் கல்லு. வெய்ன் லைனரை வாங்கிப் பார்த்துவிட்டு, இரவு இதை எங்கே வைத்திருந்தாய் என்று என்னைக் கேட்டார். வெளியே என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு, தன் ரக் வண்டியை எடுக்கப் போனார்.

வேலையில் படித்தது அப்போதாவது கை கொடுத்தது. இப்படி யாருக்கும் நடந்தால் தேய்க்காதீர்கள், அடுப்புக்குக் கிட்டக் காலை நீட்டவே வேண்டாம். உணர்வில்லாத கால் வேகுவதும் தெரியாது. ஈரத்தை எடுத்து, விரலுக்கு இடையில் துணி வைத்து, தளர்வாகச் சுற்றி, காலில் பாரம் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கு 25 நிமிசம். அங்கே உடனே எடுத்துப் பார்த்தார்கள். அளவான சூட்டில் தண்ணீர் வைத்து மெல்ல மெல்ல இளக்கினார்கள். எந்த விரல் தப்பும் என்று கிழமைக் கணக்கில் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். பக்கத்து விரல் தப்பியது. சின்ன விரல் கறுத்து, காய்ந்து, ஏழாவது கிழமை ரொறொன்ரோவில் எடுத்தார்கள்.

அந்த ஏழு கிழமையும் நான் எல்லோரையும் திட்டிக்கொண்டு திரிந்தேன். பூட்ஸ் கொம்பனியை, குளிரை, வேட்டையை, வெய்னைக்கூட. என்னை மனதுக்குள் திட்டினேன், வாயால் சொல்லவில்லை. விரல் எடுத்து நாலாம் நாள், கட்டு மாற்றிவிட்டு காரில் திரும்பி வருகிறோம், மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்கு. இவராகவே சொன்னார்.

"அண்டைக்குக் காலமை கையை விட்டுப் பாத்தனான். உள்ளுக்கை ஐஸ்."

"அப்ப ஏன் சரி எண்டனீங்கள்?"

"இல்லை எண்டா நீர் கத்துவீர். வெய்னுக்கு முன்னாலை."

விளக்குப் பச்சையாகிப் பின்னால் ஹோர்ன் அடிக்கும்வரை எனக்குக் காரை எடுக்க வரவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வெளியே குளிர் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். பூட்ஸை வெளியே வைத்தது என் கை. அதைவிட, பதினெட்டு வருசமாக இந்த மனுசன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறாரே என்று ஊருக்கெல்லாம் பகிடியாக எழுதிக்கொண்டு இருந்தேனே, அந்தச் சரி எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதை எழுதப் பத்து மாதம் எடுத்தது அதனால்தான்.

கேட்டு எழுதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். 800 கிராம், கழற்றக்கூடிய லைனர், அரை சைஸ் பெரிது, கம்பளிச் சொக்ஸ். வாங்கினபிறகு பத்து நாளாவது வீட்டுக்குள் போட்டு நடவுங்கள். காட்டில் தங்கினால் லைனரைக் கழற்றி உள்ளே, அடுப்புக்கு ஆறு ஏழு அடி தள்ளித் தொங்கவிடுங்கள், பூட்ஸும் உள்ளே வரட்டும். ஊத்தையாக இருந்தால் கீழே வைக்க ஒரு பிளாஸ்ரிக் ரே, தட்டம் மாதிரி, வாங்கிக்கொண்டு போங்கள், மூன்று டொலர்தான். சாமி கோவிக்காது. சலரோகம் உள்ளவர்கள் டொக்டரைக் கேளாமல் போகவே போகாதீர்கள். லைசன்ஸ் கட்டணமும் எந்த மாதம் எதைச் சுடலாம் என்ற விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும், அரசாங்க இணையத்தளத்தில் அந்தந்த வருசத்துக்கானதைப் பாருங்கள்.

வெய்ன் போன மாதம் போன் எடுத்தார். வாற தை மாதமும் வரச் சொல்கிறார். டொக்டர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது என்ற கட்டளையோடு விட்டிருக்கிறார். கால் வடிவம் மாறிவிட்டதால் பழைய பூட்ஸ் சரிவராது. போன சனிக்கிழமை, இந்தமுறை பின்னேரம் பார்த்து, அதே கடைக்குப் போனோம். அபி அங்கேதான் நின்றாள். லைனரை நிலத்தில் வைக்கக் குனிந்தவளை, கொஞ்சம் பொறு பிள்ளை என்று மறித்தேன். இவர் பூட்ஸைப் போட்டு, எழும்பி, அந்தக் கோடியில் இருந்த கண்ணாடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். "ஓம்..." என்று தொடங்கி, நிறுத்திவிட்டார்.

"இல்லை," என்றார். "இடதுபக்கம் இறுக்குது."

அபி அடுத்த சைஸ் எடுத்துவர உள்ளே போனாள்.